அவனைப் பற்றி யாரிடம் பேசுவேன்? பினாங்கில் ஒரு மறுமணமும் அதைச் சுற்றியிருந்த துக்கங்களும்

2024 மார்ச்சில் ஒரு புதன்கிழமை மாலை. வேலை முடிந்த கையோடு, தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் அவர் என் அறைக்கு வந்தார். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என் மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது?" எதை என்று நான் கேட்பதற்குள் அவர் கண்கள் நிறைந்துவிட்டன. கணவர் இறந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது ஒருவரைப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் செய்தி. அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நாற்பது நிமிடங்கள் தேவைப்பட்டன.

நான் மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற ஆலோசகர். சம்பந்தப்பட்ட நால்வரிடமும் எழுத்து மூலம் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த நால்வரில் ஒருவரான, வந்த பெண்ணின் மகள், ஒரு செய்தியை மட்டும் எழுத வேண்டாம் என்றார். அது இதில் இல்லை. பெயர்களும் இல்லை. வந்த பெண்ணை மருமகள் என்றே குறிப்பிடுகிறேன். இந்த நிகழ்வின் முடிச்சு அந்த உறவில்தான் விழுந்திருந்தது. அதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன்.

பின்னணி

மருமகளுக்கு அப்போது 46 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் 74 வயது மாமியாருடனும், எஸ்பிஎம் என்னும் பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடித்திருந்த மகளுடனும் வசித்தார். கணவர் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தியவர். மாமியாருக்கு ஒரே பிள்ளை. 2021 ஆகஸ்டில், கோவிட் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், 49 வயதில் இறந்தார்.

அந்தச் சாவு நடந்த விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸில் ஏறும்போது அவர் கையைக் காட்டினார். வீட்டார் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். பதினோராம் நாள் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டிலிருந்த மூவருமே தனிமைப்படுத்தப்பட்டிருந்ததால் ஒருவராலும் போக முடியவில்லை. மூடிக் கட்டிய உடலைப் பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். கணவரின் சித்தப்பா மகன் தள்ளி நின்று கைப்பேசியில் காட்ட, இங்கே கூடத்தில் மூன்று பெண்கள் ஒரு சிறு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பாரி இல்லை. வாய்க்கரிசி இல்லை. வாசலில் செருப்புகள் குவியவில்லை. மாநில எல்லை கடக்கத் தடை இருந்த காலம் அது. 2021 அக்டோபர் 11ஆம் தேதிதான் நீக்கினார்கள். ஈப்போவிலும் கிள்ளானிலும் இருந்த சொந்தங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கும் வர முடியவில்லை.

நம்மிடம் சாவுக்கு இவ்வளவு சடங்குகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. போனவர் போய்விட்டார் என்பதை நம் கைகளையும் கால்களையும் தொண்டையையும் கொண்டு நமக்கே உணர்த்துகிற ஏற்பாடு அது. அந்த வீட்டில் அது நடக்கவே இல்லை. "முகம் பார்க்காமல் அனுப்பிவிட்டோம்" என்ற ஒரே வாக்கியத்தை மூவரும், தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே சொற்களில் என்னிடம் சொன்னார்கள்.

மருமகளுக்குப் பிடித்தவர் 52 வயது ஆசிரியர். கடலுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுபவர். மனைவி 2018இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வேலைக்குப் போய்விட்ட இரண்டு மகன்கள். 2023 பிப்ரவரி 5ஆம் தேதி தைப்பூசத்தன்று, தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். ஆசிரியர் வீட்டிலிருந்து தன் சொந்தக் கத்தியைக் கொண்டுவந்திருந்தார். "என் மனைவி வருடா வருடம் எடுத்துவரும் கத்தி" என்றாராம். மருமகள் என்னிடம் சொன்னது: "இறந்துபோன மனைவியைப் பற்றி ஓர் ஆண் அவ்வளவு இயல்பாகப் பேசியதை நான் கேட்டதே இல்லை. அன்று நானும் என் கணவரைப் பற்றிப் பேசினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் அழுதது யாருக்கும் தெரியவில்லை."

அதன் பிறகு சனிக்கிழமைகளில் ஆசிரியர் ஃபெரியில் தீவுக்கு வருவார். கடலோரம் நடப்பார்கள், எங்காவது பசியாறுவார்கள், ஐந்து மணிக்கெல்லாம் அவர் திரும்பிவிடுவார். ஓர் ஆண்டு இப்படியே போயிற்று.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மனைவி இறந்து ஆறு மாதம் ஆவதற்குள், "வேறு பெண் பார்க்கலாமா?" என்று ஆசிரியரை உறவினர் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மருமகளை இரண்டரை ஆண்டுகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பொட்டை ஏன் பெரிதாக வைக்கிறாய் என்று மட்டும் ஒரு பெரியம்மா கேட்டார்.

நான் செய்த தவறு

முதல் மூன்று அமர்வுகளில் மருமகளின் துக்கத்தை மதிப்பிட்டேன். 2022இல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநல வகைப்பாட்டில் நீடித்த துக்கக் கோளாறு இடம்பெற்றது. வயது வந்தோருக்கு இழப்பு நேர்ந்து குறைந்தது 12 மாதங்கள் கடந்திருக்க வேண்டும். ஏக்கமோ நினைவோ அநேகமாக நாள்தோறும் ஆளை ஆட்டிப்படைத்து வாழ்க்கையை முடக்கியிருக்க வேண்டும். அவருடைய நிலை அதுவல்ல. தூங்கினார், வேலை செய்தார், சிரித்தார். சில இரவுகளில் அழுதார். துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த இரட்டைப் போக்கு மாதிரி இந்த நிலையை நன்றாக விளக்குகிறது. துக்கப்படுபவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் சாய்கிறார், இன்னொரு நேரம் அன்றாட வாழ்வின் பக்கம் சாய்கிறார். ஊஞ்சல்போல இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டே இருப்பதுதான் ஆரோக்கியம் என்பது அவர்கள் கருத்து. மருமகளின் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அவரைப் பொறுத்தவரை எனக்குக் கவலை இல்லை.

ஆகவே சிக்கல் மாமியாரிடம்தான் என்று முடிவு கட்டினேன். கைம்பெண் மறுமணம் என்றால் முகம் சுளிக்கும் தலைமுறை, ஊர் வாய்க்கு அஞ்சுகிறவர், என்று நானாகவே ஒரு படம் வரைந்துகொண்டேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு கைம்பெண் மறுமணத்தை ஆதரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் இதே பினாங்கில் வந்து இறங்கினார். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக இந்த ஊரில் பேசப்பட்ட விஷயத்துக்கு இன்னுமா தயக்கம் என்ற கோபம் எனக்குள் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இந்த மூதாட்டியின் மேல் அதை ஏற்றியது நியாயம் இல்லை.

மருமகளைத் தயார்ப்படுத்தினேன். எந்தச் சொல்லில் தொடங்குவது, எதிர்ப்பு வந்தால் எப்படி உறுதியாக நிற்பது என்று ஒத்திகை பார்த்தோம். நான்காம் அமர்வுக்கு மாமியாரையும் அழைத்துவந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "போ. நன்றாக இரு" என்றார். பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்றுகூட நான் குறிப்பில் எழுதிவைத்தேன்.

ஒரு வாரத்தில் மருமகள் அழைத்தார். மாமியார் தனக்கெனச் சின்னச் சட்டியில் தனியாக உலை வைத்துக்கொள்கிறாராம். அடுப்பில் இரண்டு சோற்றுப் பானைகள். இருபது ஆண்டுகளில் அந்த வீட்டில் நடக்காதது.

நெத்திலியும் செய்தித்தாளும்

அந்தச் சனிக்கிழமை நான் ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். மருமகளும் மகளும் வெளியே போயிருந்தார்கள். மாமியார் கூடத்தில் தரையில் செய்தித்தாளை விரித்து, நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிப் பிளந்து குடல் நீக்கிக்கொண்டிருந்தார். சுவரில் மகனின் படம். அதன் கீழ் ஒரு கண்ணாடிக் குவளையில் கோப்பி ஆறிக்கிடந்தது. நான் எதிரில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக் கிள்ளத் தொடங்கினேன். வெகு நேரம் பேசவில்லை. கருவாட்டுத் தூள் விரல் நுனியில் ஒட்டும் சத்தம்கூடக் கேட்கும் அளவுக்கு அமைதி.

பிறகு அவராகவே தொடங்கினார். "இது தினமும் நாங்கள் இரண்டு பேரும் செய்கிற வேலை. இவள் வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு இங்கே உட்காருவாள். நான் அவன் சின்ன வயதில் செய்ததைச் சொல்வேன். இவள் கல்யாணத்துக்குப் பிறகு செய்ததைச் சொல்வாள். சொன்னதையே சொல்வோம். சனிக்கிழமைகளில் இப்போது இவள் வருவதற்கு நேரமாகிறது. வந்தாலும் களைப்பு."

நான் மெல்லக் கேட்டேன்: "ஊர் என்ன சொல்லும் என்று நினைக்கிறீர்களா, அம்மா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஊரா? அவன் செத்தபோது ஊர் எங்கே வந்தது?" இன்னும் இரண்டு மீனைக் கிள்ளினார். "நான் முகம் பார்க்காமல் அனுப்பிய பிள்ளை. அவன் இருந்தான் என்பதற்கும் போனான் என்பதற்கும் எனக்கு இவள்தான் சாட்சி. இவள் வேறு வீட்டுக்குப் போய்விட்டால் அவனைப் பற்றி யாரிடம் பேசுவேன்?"

என் குறிப்பேட்டில் இருந்த அத்தனை ஊகங்களும் அந்தக் கேள்வியில் அடிபட்டுப்போயின. அவர் எதிர்த்தது மறுமணத்தை அன்று. ஒரே பிள்ளையை ஏற்கெனவே இழந்துவிட்டார். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச இருந்த ஒரே ஆளையும் இழக்கப்போகிறார். இரண்டாவது சாவு அது.

இதே இடத்தைக் கண்டு பேசியவர் டென்னிஸ் கிளாஸ். பிள்ளைகளை இழந்த பெற்றோரிடையே பல காலம் பணியாற்றியவர். ஜப்பானிய முன்னோர் வழிபாட்டையும் ஆராய்ந்தவர். 1996இல் அவரும் உடன் எழுதியோரும் முன்வைத்த தொடரும் பிணைப்பு என்ற கருத்து, இறந்தவரோடு உள்ள உறவை அறுத்தால்தான் துக்கம் தீரும் என்ற பழைய எண்ணத்தை மறுத்தது. உறவு உருமாறித் தொடரலாம். பலருக்கு அப்படித்தான் தொடர்கிறது. திதி கொடுக்கிற, படையல் போடுகிற, படத்துக்கு முன் கோப்பி வைக்கிற நமக்கு இது பழக்கமானதுதான். பழக்கமானது என்பதாலேயே நான் அந்தக் குவளையைக் கவனிக்காமல் கடந்திருப்பேன்.

அடுத்த அமர்வில் மாமியாரிடமும் மருமகளிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: வீடு மாறினாலும் இந்தப் பேச்சு நிற்காமல் இருக்க என்ன வழி? பதில் மருமகளிடம் தயாராக இருந்தது. அதே அடுக்குமாடியில், இரண்டு மாடி கீழே, ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது. ஆசிரியர் பள்ளிக்குத் தினமும் கடலைக் கடந்து போய்வரச் சம்மதித்திருக்கிறார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று மாமியார் கேட்டார். "நீங்கள் 'போ' என்று சொல்லிவிட்டீர்களே, அத்தை" என்றார் மருமகள். இருவரும் அழுதார்கள். நான் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மகளும் இருக்கையும்

மகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. "அம்மா சந்தோஷமாக இருந்தால் போதும்" என்று முதல் நாளே சொன்ன பிள்ளை. ஆசிரியரிடம் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டவள். தந்தை இறந்தபோது அவளுக்கு 15 வயது. நானும் அவளை ஒரே ஒரு முறைதான் தனியாகப் பார்த்திருந்தேன்.

தந்தையின் மோட்டார் சைக்கிள் அடுக்குமாடியின் கீழே நின்றது. உரிமம் எடுத்ததும் அவள் அதை ஓட்டத் தொடங்கினாள். அதன் இருக்கை உறை கிழிந்திருந்தது. கிழிசலின் மேல் கறுப்பு ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தவர் தந்தை. தன் பட்டறையில் ஊரார் வண்டிக்கெல்லாம் புது உறை மாட்டிவிட்டுத் தன் வண்டிக்கு நேரமில்லாத மனிதர். மழை பெய்தால் அந்தக் கிழிசல் வழியே நீர் ஊறி, உட்கார்ந்தவரின் உடை நனைந்துவிடும். 2024 ஆகஸ்டில் ஆசிரியர், அவளுக்கு ஓர் அன்பளிப்பாக, சொல்லாமல் புது உறை மாற்றிக் கொடுத்தார்.

அவள் கத்தவில்லை. நன்றி என்றாள். அன்று இரவு பதினொரு மணிக்கு, கீழே குப்பை போடும் அறையில் கைவிளக்கோடு பைகளைப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தவளைக் காவலாளி பார்த்து வீட்டுக்குச் சொன்னார். பழைய உறை கிடைத்துவிட்டது. அதை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து, மூன்று ஆண்டுகளாக அழாததையெல்லாம் அழுதாள்.

மாமியாரின் துக்கம் வெளியே தெரிந்தது. அவர் தனிப்பானை வைத்தார். பிள்ளையின் துக்கம் நல்ல பிள்ளையாக இருப்பதற்குள் ஒளிந்திருந்தது. பாட்டியும் அம்மாவும் இரவில் அப்பாவைப் பற்றிப் பேசும்போது இவள் அறையில் படித்துக்கொண்டிருப்பாள். தான் போனால் அவர்கள் அழுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் போகவில்லை என்றாள் என்னிடம். வீட்டில் ஒரு பிள்ளை அமைதியாக இருந்தால் "பக்குவமான பிள்ளை" என்று நாம் பாராட்டிவிடுகிறோம். நானும் பாராட்டினேன். அவளோடு அதன் பிறகு ஐந்து அமர்வுகள் தனியாக நடந்தன.

ஆசிரியர் இடிந்துபோய் வந்தார். மன்னிப்புக் கேட்கட்டுமா என்றார். கேளுங்கள், ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள் என்றேன். அவர் செய்தது என் யோசனை அன்று, அவருடையது. மறுவாரம் அவளிடம் போய், "பழைய உறையைத் திரும்ப மாட்ட வேண்டும், எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தந்தையின் பட்டறையில் வளர்ந்தவளுக்குத் தெரிந்திருந்தது. இருவரும் கீழே தரையில் உட்கார்ந்து, புது உறையைக் கழற்றாமல், அதன் மேலேயே பழையதை இழுத்து மாட்டினார்கள். இப்போது மழையில் நனைவதில்லை. ஒட்டுநாடாவும் மேலேயே இருக்கிறது.

சொத்தும் சட்டமும்

இது சிறிய பகுதிதான்; ஆனால் பல குடும்பங்கள் இதில்தான் உடைகின்றன. "மறுமணம் செய்தால் வீட்டில் பங்கு கிடையாது" என்று ஓர் உறவினர் மருமகளைப் பயமுறுத்தியிருந்தார். அது உண்மை அன்று. கணவர் உயில் எழுதாமல் இறந்தார்; வீடு அவர் பெயரில். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயிலின்றி இறந்தால் 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் பொருந்தும். துணைவர், பிள்ளை, பெற்றோர் என மூன்று தரப்பும் இருந்தால் துணைவருக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. துணைவர் பின்னாளில் மறுமணம் செய்துகொண்டார் என்பதற்காக அந்தக் கால் பங்கு பறிபோகாது. மூன்று ஆண்டுகளாக யாரும் பெயர் மாற்ற விண்ணப்பிக்கவே இல்லை. அதைச் செய்ய ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பினேன். மருமகள் தன் பங்கை மாமியார் இருக்கும்வரை தொடப்போவதில்லை என்று தானாகவே சொன்னார்.

ஆசிரியர் பக்கம் வேறு சிக்கல். மனைவி இறந்ததும் தன் வீட்டை மகன்கள் பெயருக்கு உயில் எழுதிவைத்திருந்தார். அதனால் மகன்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் 1959ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, திருமணம் செய்துகொண்டாலே முன்பு எழுதிய உயில் செல்லாமல் போகும். இன்னாரை மணக்கப்போவதைக் கருதி எழுதியது என்று அந்த உயிலிலேயே குறித்திருந்தால் மட்டும் நிற்கும். மறுமணம் செய்யும் பலருக்கு இது தெரியாது. ஆசிரியர் திருமணத்துக்கு முன்பே, மருமகளுக்கும் தெரியப்படுத்தி, அந்தக் குறிப்போடு புதிய உயில் எழுதினார். அதன் பிறகுதான் மூத்த மகன் மருமகளோடு முதன்முதலாகத் தொலைபேசியில் பேசினார்.

பதிவும் அதற்குப் பிறகும்

1982 மார்ச் முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் முஸ்லிம் அல்லாதவர் திருமணங்கள் 1976ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவாக வேண்டும். இறந்த துணைவர்களின் மரணச் சான்றிதழ்களையும் கொடுக்க வேண்டியிருந்தது. மருமகள் அந்தத் தாளைக் கையில் எடுத்தது 2021க்குப் பிறகு அன்றுதான். பதிவு அறிவிப்புக்குரிய 21 நாட்களில் அவர் இரண்டு முறை திருமணத்தை நிறுத்திவிடலாம் என்றார். புதிய அன்பு வந்தபோது பழைய துக்கம் புதிதாகக் கிளம்பியது. கணவரின் குரல் மறந்துபோகிறதே என்று பயந்தார். அந்த இரண்டு முறையும் அவரைச் சமாதானப்படுத்தியவர் ஆசிரியர் அல்லர். மாமியார். பழைய கைப்பேசியில் இருந்த குரல் செய்திகளைப் போட்டுக் காட்டி, "இதோ, இங்கேதான் இருக்கிறான்" என்றார்.

2025 ஜனவரியில் பதிவு நடந்தது. மேளம் இல்லை. ஆசிரியரின் இளைய மகன் வரவில்லை. இன்றுவரை அவர் மருமகளோடு பேசியதில்லை. அவருடைய காயம் என் அறைக்கு வரவில்லை. வந்தால் அதற்கும் இடம் உண்டு.

பதிவு முடிந்து ஏழு மாதங்கள் கழித்து, திதி நாளுக்கு முந்தைய மாலை, அழைப்பின் பேரில் அந்த வீட்டுக்குப் போனேன். மகள் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். ஆசிரியரை இன்னும் "சார்" என்றே கூப்பிடுகிறாள். வேறு சொல் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மருமகள் அடுப்படியில் இருந்தார். அடுப்பில் ஒரே பானை. கூடத்தில் செய்தித்தாளை விரித்து, மாமியாரும் ஆசிரியரும் எதிரெதிரே உட்கார்ந்து படையலுக்கு நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் தலையை மட்டும் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மாமியார் அவர் கையிலிருந்து ஒன்றை வாங்கிப் பிளந்து காட்டினார்.

"குடலையும் எடுக்க வேண்டும், தம்பி. கசந்தால் அவனுக்குப் பிடிக்காது."